மகளிர் வாணிக ஒழிப்பும் மக்கள் விழிப்பும்

முன்னுரை

ஒரு கொடுமையை ஒழிக்கச் சட்டம் இயற்றப்பட்ட ஆண்டினை அறிதல் எளிது. அக்கொடுமையைக் கொடுமையென மக்கள் உணரத் தொடங்கிய காலத்தை அறிதல் அரிது. முன்னதற்கு அரசிதழே போதிய சான்றாகும். பின்னதற்கோ நூல்களும், மேடைப் பேச்சுகளும், முறையீடுகளும், மக்கள் நாவில் வழங்கும் சொற்களும் சான்றாதல் வேண்டும். மகளிரையும் சிறுமியரையும் பரத்தைமைத் தொழிலுக்கென விலைப்படுத்தும் வாணிகத்தைப் பற்றித் தமிழ்நாட்டில் விழிப்புத் தோன்றி வளர்ந்த வரலாற்றை இவ்விருவகைச் சான்றுகளையும் ஒருங்கு வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

யாம் ஈண்டு நிறுவக் கருதுவது ஒன்றே. சட்டம், விற்றவனையும் வாங்கியவனையும் 1860 முதலே வினைமுதலாக வைத்துப் பேசிற்று. மக்கள் வழக்கோ விற்கப்பட்டவளையே வினைமுதலாக வைத்துப் பேசி வந்தது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வேறுபாடே சட்டம் நெடுங்காலம் பயன்படாமைக்குப் பெருங்காரணமாயிற்று. விழிப்பூட்டும் முயற்சிகள் மக்கள் வழக்கை மாற்றிய அளவிற்கு வென்றன. மாற்றாது விட்ட அளவிற்குத் தோற்றன.

மற்றொன்றும் தொடக்கத்திலேயே கூறுதல் தகும். தேவரடியார் மரபும் மகளிர் வாணிகமும் ஒன்றல்ல. முதலாம் இராசராசன் தஞ்சைப் பெருங்கோயிலில் குடியமர்த்திய தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவர்க்கும் தனித்தனி வீடும், ஆண்டுக்கு நூறு கலம் நெல் பெறும் பங்கும் அளிக்கப்பட்ட செய்தியை அக்கோயிற் கல்வெட்டுத் தெரிவிக்கின்றது. ஊரும் பேரும் குறித்துச் சிறப்புடன் பொறிக்கப்பட்ட அம்மகளிரை விலைக்கு விற்கப்பட்டவர் என்று எவரும் கூறார். பிற்காலத்தே அம்மரபின் போர்வையிற் சிறுமியரை வாங்கலும் விற்றலும் நிகழ்ந்தன என்பதும் மறுக்கவொண்ணாதது. இவ்விரண்டையும் வேறு பிரித்துக் காணாமையால் விளைந்த தீங்கினைப் பின்னர்க் காண்போம்.

1. சொல்லாட்சியில் வினைமுதல்

பரத்தை, கணிகை, பொதுமகள், விலைமகள், வரைவின் மகள் எனப் பெண்ணைச் சுட்டும் சொற்கள் தமிழிற் பல. திருக்குறளில் வரைவின் மகளிர் என ஓர் அதிகாரமே உண்டு. ஆயின் அவளை அத்தொழிலிற் புகுத்தியவனையோ, அவளைக் கொண்டு பொருள் ஈட்டியவனையோ சுட்டும் சொல் நூல் வழக்கிற் காண்டல் அரிது. பேச்சு வழக்கில் உள்ளனவும் வசைச் சொற்களாக வழங்குகின்றனவேயன்றிக் குற்றத்தின் பெயராக வழங்குவன அல்ல. விலைமகள் என்னும் தொகையில் விலை உண்டு, மகள் உண்டு, விற்றவனும் இல்லை, கொண்டவனும் இல்லை.

வினைச்சொற்களை நோக்கினும் இதுவே காணப்படும். கெட்டுப்போனாள், ஓடிப்போனாள், சோரம் போனாள் என்பன ஊர்ப்பேச்சில் வழங்கும் தொடர்கள். இவை யாவும் தன்வினை. கெட்டாள் என்பதன் பிறவினை கெடுத்தான் என்பது. ஊர்ப்பேச்சு அப்பிறவினையை ஆளாதவரை குற்றம் புரிந்தவன் தொடருக்குள் வருவதே இல்லை. பதின்மூன்று வயதுச் சிறுமியைப் பற்றியும் ஊரார் ‘பொட்டுக் கட்டிக்கொண்டாள்’ என்று கூறினரேயன்றி, ‘அவளுக்கு இன்னார் பொட்டுக் கட்டினர்’ என்று கூறும் வழக்கம் அருகியே இருந்தது.

இலக்கியத்தில் இதற்கு விலக்கு இல்லாமல் இல்லை. மணிமேகலைக் காப்பியத்திற் சித்திராபதி தன் பேர்த்தியைக் குலத்தொழிலுக்கு மீட்க முயல்வதும், உதயகுமரனை அதற்குத் தூண்டுவதும் விரிவாகக் கூறப்படுகின்றன. தூண்டுவோர், விரும்புவோர், மறுக்கும் இளம்பெண் என மூவரும் ஆண்டுத் தெளிவாக நிற்கின்றனர். ஆயின் பிற்காலத்து விறலிவிடு தூதுகளில் நிலைமை தலைகீழாயிற்று. அவற்றில் தாசியும் அவள் தாய்க்கிழவியும் வஞ்சிப்போர். பொருளிழந்த ஆடவனே இரங்கத்தக்கவன். தாசிக்கு அத்தொழில் எவ்வாறு வாய்த்தது என்னும் வினா அந்நூல்களில் எழவில்லை. இருபதாம் நூற்றாண்டில் சீர்திருத்தம் பேச வந்தோர் இம்மரபைத் தலையிற் சுமந்தே வந்தனர் என்பது கருதத்தக்கது.

2. சட்டம் இருந்தும் சான்று கூறுவார் இன்மை

இந்தியத் தண்டனைச் சட்டம் 1860-இல் இயற்றப்பட்டு 1862 சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதன் 372-ஆம் பிரிவு, பதினாறு வயதிற்கு உட்பட்டவரைப் பரத்தைமைத் தொழிலுக்கென விற்போரையும் வாடகைக்கு விடுவோரையும் தண்டித்தது. 373-ஆம் பிரிவு அவ்வாறு வாங்குவோரைத் தண்டித்தது. இரண்டிற்கும் பத்தாண்டு வரை சிறை இருந்தது. வயது வரம்பு 1924-இல் பதினெட்டாக உயர்த்தப்பட்டது. விற்றல், வாங்கல் என்னும் இரு பிறவினைகளையே இச்சட்டம் குற்றத்தின் பெயர்களாகக் கொண்டமை நோக்கத்தக்கது.

சென்னை உயர்நீதிமன்றம், இளஞ்சிறுமியைப் பொட்டுக்கட்டி விடுவது இப்பிரிவின்கண் அடங்கும் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே சில வழக்குகளில் தீர்ப்பளித்தது. ஆயின் அதே மன்றம் உரிமை வழக்குகளில், தாசியொருத்தி ஒரு பெண்குழந்தையைத் தத்தெடுத்துக் கொள்வதை வழக்காறு என ஏற்றுச் சொத்துரிமையும் வழங்கிற்று. பம்பாய், கல்கத்தா மன்றங்கள் அதனை ஏற்க மறுத்தன. இதனால் ஒரே செயல் குற்றவியலில் விற்பனையாகவும் உரிமையியலில் தத்தெடுப்பாகவும் நின்றது. இக்குழப்பத்திடையே ஊரார் எவரும் முன்வந்து சான்று கூறாமை வியப்பன்று. விழாப்போல் ஊரறிய நிகழ்ந்த ஒன்றைக் குற்றமென அவர்கள் கருதவில்லை. கருதினோரும் அதனை அப்பெண்ணின் விதியென விடுத்தனர்.

அரசின் கருத்தும் அக்காலத்தில் வேறு திசையிற் சென்றது. 1868-ஆம் ஆண்டின் தொற்றுநோய்ச் சட்டம், படைவீரர் நலங்கருதி, பரத்தையரைப் பதிவு செய்து மருத்துவ ஆய்வுக்கு உட்படுத்திற்று. ஆய்வு பெண்டிர்க்கே, ஆடவர்க்கு இல்லை. அச்சட்டம் 1888-இல் நீக்கப்படும்வரை, அரசு இத்துறையிற் செய்த பெரும்பணி பெண்களை எண்ணியதும் ஆராய்ந்ததுமே. அவர்களை விற்றோரைத் தேடியது சிறிதே.

3. மேனாட்டு விழிப்பும் அதன் படிப்பினையும்

இதே காலத்தில் இங்கிலாந்தில் நிகழ்ந்தவற்றை ஒப்புநோக்குதல் பயன்தரும். ஆண்டும் 1864 முதல் தொற்றுநோய்ச் சட்டங்கள் இருந்தன. சோசபின் பட்லர் அம்மையார் 1869-இல் தொடங்கி அவற்றை எதிர்த்து ஊர்தோறும் கூட்டம் கூட்டிப் பேசினார். பெண்ணை மட்டும் ஆராய்ந்து ஆணை விடுப்பது நீதியாகாது என்பதே அவர் கோட்பாடு. பதினேழு ஆண்டுகள் கழித்து, 1886-இல் அச்சட்டங்கள் நீக்கப்பட்டன.

அதற்கு முந்திய ஆண்டாகிய 1885-இல் டபிள்யூ. டி. ஸ்டெட் என்னும் இதழாசிரியர், இலண்டனிற் சிறுமியர் விற்கப்படுவதை மெய்ப்பிக்கத் தாமே ஒரு சிறுமியை விலைகொடுத்துப் பெறச் செய்து, அச்செய்திகளைப் பால் மால் கெசட் இதழில் தொடர்ந்து வெளியிட்டார். நாடே கொதித்தெழுந்தது. சில வாரங்களில் பாராளுமன்றம், பெண்ணின் இசைவு வயதைப் பதின்மூன்றிலிருந்து பதினாறாக உயர்த்திச் சட்டம் இயற்றிற்று. ஆயின் தந்தையின் இசைவின்றிச் சிறுமியைக் கொண்டு சென்ற குற்றத்திற்காக ஸ்டெட் தாமே மூன்று திங்கள் சிறை சென்றார். விழிப்பூட்டும் ஆர்வத்தால் அச்சிறுமி ஒரு கருவியாக்கப்பட்டாள். அவள் கதை உலகெங்கும் பரவியது. எழுச்சியை விரைவில் உண்டாக்கும் முறை, காக்கவேண்டிய பெண்ணையே காட்சிப் பொருளாக்கிவிடக்கூடும் என்பது இந்நிகழ்ச்சி தரும் படிப்பினை.

அனைத்துநாட்டு உடன்படிக்கைகளிலும் சொல்லின் மாற்றம் காணப்படுகின்றது. 1904, 1910 ஆகிய ஆண்டுகளின் உடன்படிக்கைகள் இக்கொடுமையை ‘வெள்ளை அடிமை வாணிகம்’ என்றன. அப்பெயர் ஆசிய, ஆப்பிரிக்க மகளிரைக் கருத்திற் கொள்ளவில்லை. நாட்டுக் கழகத்தின் முயற்சியால் 1921-இல் ஏற்பட்ட உடன்படிக்கை ‘மகளிர், சிறார் வாணிகம்’ எனப் பெயரை மாற்றிக்கொண்டது. அதனையொட்டி 1923-இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 366ஏ, 366பி என்னும் பிரிவுகள் சேர்க்கப்பட்டு, இளம்பெண்ணைத் தூண்டி அழைத்துச் செல்வதும், வெளிநாட்டினின்று கொண்டுவருவதும் தனிக்குற்றங்களாயின.

4. சென்னை மாகாணத்தில் அம்மையார் இருவர்

சட்டத்தின் சொல்லை மக்களின் சொல்லாக்கும் பணி சென்னை மாகாணத்தில் 1920-களில் விரைவுற்றது. அதில் முதற்கண் குறிக்கத்தக்கவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார். 1886 சூலை 30-ஆம் நாள் புதுக்கோட்டையிற் பிறந்து, 1912-இற் சென்னையில் மருத்துவப் பட்டம் பெற்ற அவர், சென்னைச் சட்டமன்ற மேலவைக்கு நியமனம் பெற்று 1927-இல் அதன் துணைத்தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். சிறுமியரைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் வழக்கத்தை நிறுத்தவேண்டும் என அவர் அவ்வாண்டில் கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறியது. 1929-இல் அவர் முயற்சியால் இந்து அறநிலையச் சட்டம் திருத்தப்பட்டு, கோயிற் பணிக்கென விடப்பட்டிருந்த இனாம் நிலங்கள் அப்பணியின் கட்டினின்று நீங்கி அம்மகளிர்க்கே உரிமையாயின. பொட்டுக்கட்டாவிடின் நிலம் போய்விடும் என்னும் அச்சமே பல குடும்பங்களைக் கட்டி வைத்திருந்ததாகலின் இத்திருத்தம் அறிவுரையினும் பெரிய உதவியாயிற்று.

1930-இல் அவர் கொண்டுவந்த தடைச்சட்ட முன்வரைவு உடனே சட்டமாகவில்லை. காந்தியடிகள் சிறைப்பட்டமை கருதி அவ்வாண்டிலேயே அம்மையார் பதவி துறந்தார். ஆயினும் பணி நிற்கவில்லை. மீண்டு வந்த பெண்களுக்கு விடுதிகள் இடந்தர மறுத்தபோது, தம் இல்லத்திலேயே இடந்தந்து அவர் தொடங்கியதே ஔவை இல்லம். விற்றவன் செய்த குற்றத்தின் பழி விற்கப்பட்டவள் மேல் எவ்வளவு ஆழப் பதிந்திருந்தது என்பதற்கு அவ்விடுதிகளின் மறுப்பே சான்று. அதே 1930-இல் நிறைவேறிய சென்னை மாகாண ஒழுக்கக்கேடான வாணிக ஒடுக்கச் சட்டம், பரத்தையர் விடுதி நடத்துவோரையும் தரகரையும் தண்டிக்கவும், ஆண்டுள்ள சிறுமியரை மீட்கவும் வகை செய்தது.

மற்றவர் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் (1883–1962). தேவதாசியர் சூழலில் வளர்ந்து அதன் கட்டுகளை அறுத்து வெளிவந்தவர். காங்கிரசிலும், பின்னர்ச் சுயமரியாதை இயக்கத்திலும் பணியாற்றியவர். 1936-இல் அவர் வெளியிட்ட ‘தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்’ என்னும் புதினம் நம் ஆய்விற்கு முதன்மைச் சான்றாகும். அதன் தலைப்பின் முற்பகுதி விறலிவிடு தூதின் வழியதே: வஞ்சிப்பவர் தாசியர், வஞ்சிக்கப்படுபவன் செல்வ இளைஞன். பழைய கதையை எதிர்நோக்கிவரும் வாசகரை அத்தலைப்பு வரவேற்கின்றது. ஆயின் வலை என்பது ஒரு கையாற் பின்னப்படுவதன்று. மகளைத் தொழிலிற் பழக்கும் தாய், ஆதாயம் நாடும் தரகர், செல்வத்தை வீசும் மைனர், இவர்களுக்கெல்லாம் புகலாகும் சாத்திரப் பேச்சு என வலையின் கயிறுகள் ஒவ்வொன்றாய்க் காட்டப்படுகின்றன. அவ்வாழ்வினின்று மீளும் பெண்டிரே அதனை ஒழிக்கும் முயற்சிக்கு முன்னிற்கின்றனர். தலைப்பின் பிற்பகுதி மதி பெறவேண்டியவனாக ஆடவனைச் சுட்டுதலும் கருதத்தக்கது.

நீதிமன்றத் தமிழையோ ஆங்கிலச் சட்டமன்ற உரையையோ அறியாத மக்களிடம் இச்செய்தி கதையாகவும் மேடைப் பேச்சாகவும் சென்று சேர்ந்தது. தொழிலின் உட்பொருளை உள்ளிருந்து அறிந்த ஒருவர் எழுதியமையால் மறுப்பதற்கு இடமில்லாமற் போயிற்று. முத்துலட்சுமி அம்மையார் சட்டத்தைத் திருத்தினார் எனின், இராமாமிர்தம் அம்மையார் அச்சட்டத்திற்குச் சான்று கூறும் வாய்களைத் திறந்தார் எனலாம்.

5. தேவதாசியர் முறையீடு

இவ்வரலாற்றின் மறுபக்கத்தை விடுத்தல் முறையன்று. 1920-களின் இறுதியில் தேவதாசியர் சங்கமாகக் கூடி அரசுக்கு முறையீடுகள் அனுப்பினர். தம்மை ஒருசேரப் பரத்தையர் எனல் பொருந்தாது. சமயப் பணியும் இசை நாட்டியக் கலைகளுமே தம் தொழில். குற்றம் புரிவோரைச் சட்டம் தண்டிக்கட்டும். தமக்குக் கல்வி வேண்டும் என்பன அவர்தம் கூற்றின் சாரம். சட்டமன்றத்தில் எதிர்த்த ஆடவர் சிலர் மரபைக் காக்கப் பேசினர். இம்மகளிரோ தம் பெயரையும் பிழைப்பையும் காக்கப் பேசினர். இரண்டையும் ஒன்றாகக் கருதுதல் தவறு.

பொட்டுக்கட்டுதலைத் தடை செய்யும் சென்னைச் சட்டம் 1947-இல் நிறைவேறிற்று. சிறுமியரை நேர்ந்துவிடுதல் குற்றமாயிற்று. முன்னர் நேர்ந்துவிடப்பட்ட மகளிர் மணம் புரிந்துகொள்ளும் உரிமையும் உறுதி செய்யப்பட்டது. இஃது ஐயமற்ற வெற்றியே. ஆயின் விழிப்பூட்டிய பேச்சிற் பெரும்பகுதி தாசி என்னும் பெயரையே பழிச்சொல்லாக்கி விட்டமையால், எவரையும் விற்காத, எவராலும் விற்கப்படாத கலைமகளிர் பலரும் தம் மரபை மறைத்து வாழ நேர்ந்தது. அவர்தம் நாட்டியம் பிறர் மேடையிற் புகழ் பெற்றபோது அவர்க்கு அம்மேடையில் இடமில்லாது போயிற்று. விற்பவனை நோக்கி எறிந்த கல் பெண்ணின் மேல் விழுந்தமைக்கு இது சான்றாகும்.

6. விடுதலைக்குப் பின்

1950-இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்பின் 23-ஆம் உறுப்பு மனித வாணிகத்தைத் தடை செய்தது. ஐக்கிய நாடுகளின் 1949-ஆம் ஆண்டு உடன்படிக்கையில் இந்தியா 1950-இல் ஒப்பமிட்டது. அதன் விளைவாக, பல்வேறு மாகாணச் சட்டங்களுக்கு ஈடாக நாடு முழுமைக்கும் 1956-இல் மகளிர், சிறுமியர் ஒழுக்கக்கேடான வாணிக ஒடுக்கச் சட்டம் இயற்றப்பட்டது. விடுதி நடத்துவோர், ஆதாயம் உண்போர், தூண்டி அழைப்போர் ஆகியோர்க்கு அதில் தண்டனை உண்டு. ஆயின் பொதுவிடத்தில் அழைக்கும் பெண்ணையும் அதன் 8-ஆம் பிரிவு தண்டித்தது. நடைமுறையில் எளிதிற் பிடிபட்டவர் தெருவில் நின்ற பெண்டிரேயாவர்.

அச்சட்டம் பரத்தைமையை விளக்கிய முறை எம் கருத்திற்கு வலிவூட்டுகின்றது. 1956-இல், பெண்ணொருத்தி கூலிக்குத் தன் உடலை அளிக்கும் செயல் என அது விளக்கப்பட்டது. 1986-இல் சட்டம் திருத்தப்பட்டுப் பெயரும் மாற்றப்பட்டபோது, வாணிக நோக்கில் மாந்தரைப் பாலியல் முறையிற் சுரண்டுதல் என விளக்கம் மாறிற்று. முன்னதில் வினைமுதல் பெண், பின்னதிற் சுரண்டுவோன். முப்பதாண்டுகளில் ஒரு வரையறை தன்வினையிலிருந்து பிறவினைக்கு நகர்ந்தது.

மனித வாணிகம் பற்றிய ஐக்கிய நாடுகளின் 2000-ஆம் ஆண்டு நெறிமுறையை இந்தியா 2011-இல் ஏற்றுறுதி செய்தது. 2013-இல் தண்டனைச் சட்டத்தின் 370-ஆம் பிரிவு புதுக்கப்பட்டது. 2024 சூலை முதல் நாள் தொட்டுப் பாரதிய நியாய சன்கிதாவின் 143-ஆம் பிரிவு அதன் இடத்தைப் பெற்றது. ஆள் சேர்ப்பவன், கொண்டு செல்பவன், அடைத்து வைப்பவன், கைமாற்றுபவன், பெறுபவன் எனக் குற்றத்தின் படிகள் ஒவ்வொன்றிற்கும் உரியவனை இப்பிரிவு தனித்தனியே சுட்டுகின்றது. அச்சுறுத்தியோ ஏமாற்றியோ கொண்டு சென்றவிடத்து, பாதிக்கப்பட்டவளின் இசைவு கணக்கிற் கொள்ளப்படாது. 2022 மே திங்களில் உச்சநீதிமன்றம், விடுதிகளைச் சோதனையிடும்போது, தம் விருப்பால் அத்தொழிலில் உள்ள வயதுவந்த மகளிரைத் துன்புறுத்தலாகாது என்றும், மீட்கப்படுவோரின் அடையாளம் செய்திகளில் வெளிப்படலாகாது என்றும் பணித்தது.

முடிபு

இதுகாறும் கூறியவற்றால், 1860-இன் சட்டம் அறுபதாண்டுகளுக்கு மேல் பெரிதும் உறங்கியதற்குச் சட்டத்தின் குறை மட்டும் காரணமன்று. அதனை எழுப்பும் குரல் ஊரில் இல்லாமையே பெருங்காரணம் என்பது புலனாகும். அக்குரலை எழுப்பிய முயற்சிகளிலும் பெண்ணைக் காட்சிப் பொருளாக்கியனவும் பழிப்பனவும் தீங்கு கலந்த நன்மையையே தந்தன. நிலத்தின் கட்டை அவிழ்த்ததும், இருக்க இடமளித்ததும், வலையின் கயிறுகளைப் பிரித்துக் காட்டியதுமே நிலைத்த பயன் தந்தன.

இன்று பொட்டுக்கட்டும் சடங்கு தமிழ்நாட்டிற் சட்டப்படி குற்றம். வாணிகமோ வேறு உருவில் உள்ளது. நகரத்தில் வேலை, வெளிநாட்டிற் பணி, வரதட்சிணையற்ற திருமணம், கைப்பேசி வழி அரும்பும் நட்பு என வலை புதிய கயிறுகளாற் பின்னப்படுகின்றது. அதனை வீசுவோர் பெரும்பாலும் முகமறியாக் கள்வர் அல்லர். உறவினர், அண்டை வீட்டார், அறிமுகமான தரகர் ஆகியோராகவும் இருப்பர். எனவே ஊர்க்கூட்டங்களிலும் பள்ளிகளிலும் விழிப்பூட்டுவோர், பெண்பிள்ளைகளுக்கு அடக்கம் கற்பிப்பதோடு நின்றுவிடலாகாது. வேலைக்கு அழைப்பவன் யார், ஊதியம் தருபவன் யார், அடையாளச் சான்றுகளை வாங்கி வைப்பவன் யார், வழிச்செலவைக் கடனாக எழுதுபவன் யார் என வினைமுதலைத் தேடும் வினாக்களை ஊராருக்குக் கற்பித்தல் வேண்டும். சிறாருக்கு 1098, மகளிர்க்கு 181 என்னும் உதவி எண்களும், அவற்றை அழைப்பது காட்டிக்கொடுத்தல் அன்று, காத்தல் என்னும் தெளிவும் வீடுதோறும் சென்று சேர்தல் வேண்டும். திரும்பி வரும் பெண்ணை ஊர் எவ்வாறு ஏற்கும் என்பதும் அக்கூட்டங்களிலேயே பேசப்படவேண்டும். வீட்டில் இடமில்லை என்று அஞ்சுபவள் விற்றவனுக்கு எதிராகச் சான்று கூற முன்வாராள்.

ஐக்கிய நாடுகள் அவை 2013-இல் மனித வாணிக எதிர்ப்பு நாளாக அறிவித்த சூலை 30, முத்துலட்சுமி அம்மையார் பிறந்த நாளும் ஆகும். இவ்வொற்றுமை தற்செயலானதே. எனினும் ஒவ்வோராண்டும் அந்நாளில் நம் ஊர்களிற் கூட்டம் கூட்டுவோர், இடம் மறுக்கப்பட்ட பெண்களுக்குத் தம் வீட்டுக் கதவைத் திறந்த அவர்தம் செயலை முதற்கண் நினைவுகூர்தல் தகும் என்பது எம் துணிபு.